கன்றுக்குப் பூசிய ஜவ்வாது

எங்கள் வீட்டிற்குள் புதிதாக எது வந்தாலும் அதன்மேல் முதலில் படுவது அப்பாவின் திருநீறுதான். கிணற்று மோட்டாருக்கு அது பூசப்பட்டது. ஆண்டுதோறும் என் பாடப் புத்தகங்களுக்குப் பூசப்பட்டது. மின்சாரக் கணக்கெடுக்க வந்த புதிய ஊழியரின் நெற்றியும் ஒருமுறை தப்பவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே தலைமுடியை மேலே ஒதுக்கிக்கொண்டு, நெற்றியைக் காட்டியபடி உள்ளே நுழைந்தார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் திருநீறு வெறும் திருநீறு அன்று. கோயிலிலிருந்து வாங்கி வந்ததை அப்பா மெல்லிய துணியில் சலித்து, ஜவ்வாது கலந்து, மரச் சம்புடத்தில் அடைத்து வைப்பார். ஜவ்வாது, கோவையின் பழைய கடைவீதியில் அத்தர்க் கடை வைத்திருந்த பாய் மாமாவிடமிருந்து வந்தது. அவரும் அப்பாவும் பள்ளியில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். நோன்புக் காலத்தில் எங்கள் தோட்டத்து இளநீர் அவர் வீட்டிற்குப் போகும்; அங்கிருந்து ஜவ்வாதுச் சிமிழ் எங்கள் வீட்டிற்கு வரும். இறைவனை அடைவதற்கு நறுமணமும் ஒரு வழி என்பது அப்பாவின் கொள்கை. அதே நறுமணம் வேறொரு வழியை அடைத்துவிடவும் வல்லது என்பதை ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் நாங்கள் அனைவரும் கற்றுக்கொண்டோம்.

சரவணம்பட்டிக்கு வடக்கே, சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு நான்காம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. போத்தனூரில் ரயில்வே ஊழியர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தலைப்பிரசவத்திற்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். அதே மாதத்தில் கட்டுத்தறியிலும் ஒரு தலைப்பிரசவம் எதிர்பார்க்கப்பட்டது. மாட்டுத் தொழுவத்தை எங்கள் பக்கத்தில் கட்டுத்தறி என்போம். அங்கே நின்றது செவலை என்னும் காங்கேயம் பசு. கன்றாக இருந்தபோதிலிருந்து அதை வளர்த்தவர் அத்தைதான். அவர் மணமாகிப் புறப்பட்ட அன்று அது கயிற்றை அறுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை ஓடிவந்து, மாப்பிள்ளை வீட்டாரைச் சிதறடித்த செய்தி ஊரில் நெடுநாள் பேசப்பட்டது. கன்று ஈன்றதும் தாயும் கன்றுமாகப் போத்தனூருக்கு அனுப்பிவைப்பதாக அப்பா தங்கைக்கு வாக்களித்திருந்தார்.

இருவரும் ஒரே காலத்தில் சூலுற்றதால், வந்து போனவர்கள் எல்லாரும் இருவரையும் சேர்த்தே நலம் கேட்டார்கள். "ரெண்டு புள்ளத்தாச்சியும் சௌக்கியங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். "செவலைக்கு எப்படியோ அப்படித்தானுங்க எனக்கும்" என்று அத்தையும் சிரிப்பார். சொல்லிச் சொல்லி, விளையாட்டாகத் தொடங்கிய அந்தப் பேச்சு அவர் மனத்தில் நம்பிக்கையாகவே ஊன்றிவிட்டது.

அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அந்தக் குழந்தை ஓயாமல் அழுதது. அத்தைக்குப் பால் போதவில்லை என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு தொடங்கியவுடன், "கண்ணு, நீ போயி வெளையாடு" என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். மாட்டின் மடியைப் பற்றியும் அதன் காம்புகளைப் பற்றியும் பேசும்போது என்னை ஒருவரும் வெளியே அனுப்பியதில்லை. ஆகவே மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அத்தையைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை.

குழந்தையைக் காண வந்த உறவினர்களோ, ஒறம்பரை என்று எங்கள் ஊரில் சொல்லப்படும் அந்தப் பெருங்கூட்டம், அத்தையின் கட்டிலைச் சுற்றி அமர்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பூண்டை நெய்யில் வதக்கித் தின்னச் சொன்னார் ஒருவர். பாலில் வேகவைத்துத் தின்னச் சொன்னார் மற்றொருவர். அம்மா இரண்டையும் செய்து கொடுத்தார். அறை முழுவதும் பூண்டு மணந்தது. அதற்கு மாற்றாக அப்பா நாளும் காலையில் ஜவ்வாதுத் திருநீற்றைக் குழந்தைக்குப் பூசிவிட்டுப் போனார். அத்தை சன்னல் வழியே செவலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை பெற்ற பெண்ணின்மேல் காற்றுப் படக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. அறையைவிட்டு அவர் வெளியே வரக் கூடாது. கட்டுத்தறியை நோக்கி இருந்த அந்தச் சன்னல்தான் அவருடைய உலகம்.

வெள்ளிக்கிழமை விடியலில் செவலை ஈன்றது.

மாட்டுப் பொறுப்பு எங்கள் வீட்டில் எப்போதும் பெண்களுடையது. முன்பு அத்தை, அவருக்குப் பின் அம்மா. அப்பா சோளக்காட்டு வேலைக்கும் பூசைக்கும் உரியவர். எந்தக் கன்று பிறந்தபோதும் அவர் மணியடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்று அம்மா அத்தைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். பூப்பறிக்கப் போன அப்பாவும், அவருக்குப் பூக்கூடை பிடிக்கப் போன நானும் கட்டுத்தறிக்குள் எட்டிப் பார்த்தபோது, வைக்கோலின்மேல் ஈரம் சொட்ட ஒரு கன்று கிடந்தது. கிடாரி, பெண் கன்று.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா மகாலச்சுமி வந்திருக்கறா, பாத்தியா அம்மிணி" என்றார் அப்பா. அவர் குரல் நெகிழ்ந்துவிட்டது.

செவலை அப்போதுதான் தட்டுத்தடுமாறி எழுந்து, திரும்பி, கன்றை நோக்கி நாக்கை நீட்டியது. அந்த நாக்குக்கும் கன்றுக்கும் நடுவே அப்பா ஒரு புதுத் துண்டோடு நுழைந்தார். மகாலட்சுமியை அழுக்கோடு வரவேற்பது முறையன்று என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கன்றை இரு கைகளிலும் ஏந்தி முற்றத்துக்குக் கொண்டுவந்து, மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நீரால் குளிப்பாட்டி, ஒரு துளி ஈரம் எஞ்சாமல் துவட்டினார். பிறகு என்னிடம் சம்புடத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அடியவர்கள் உடம்பில் திருநீறு அணிய வேண்டிய இடங்கள் இன்னவை என்று பெரியோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். அப்பா அவற்றை வழுவாதவர். கன்றுக்கு நெற்றி எது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. தோள் எது, முழங்கை எது என்பதில்தான் சற்றுத் தயங்கினார். தயக்கம் நேர்ந்த இடங்களிலெல்லாம் பூசிவிட்டார். செந்நிறக் கன்று வெண்ணிறமாயிற்று. அது தும்மியது. அதை நல்ல நிமித்தமாகக் கொண்டு அப்பா பதிகம் பாடத் தொடங்கினார்.

தொடங்கிய பதிகத்தை நடுவில் நிறுத்துவது அவர் அறியாத வித்தை. பாடுவோர் பெறும் பயனைச் சொல்லும் இறுதிச் செய்யுளை எட்டாமல் அவர் ஒருநாளும் வாய் மூடியதில்லை. அன்று அவர் பாடியது, கன்றை எண்ணிக் கசியும் பசுவைப் போல் இறைவன் அடியவனை எண்ணிக் கசிவதாக அமைந்த பாட்டு. கண்ணீர் மல்கப் பாடினார். கட்டுத்தறிக்குள்ளிருந்து செவலை திரும்பத் திரும்பக் கத்தியது. அதுவும் பக்தியில் சேர்ந்தது என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

பாட்டு முடிந்து கன்றைக் கொண்டுபோய் விட்டபோது செவலை ஆவலோடு முகத்தை நீட்டி மோந்தது. மூச்சைச் சீறி வெளியே தள்ளியது. ஓரடி பின்வாங்கிப் பார்த்தது, மறுபடியும் மோந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, கன்றை முட்டித் தள்ளிவிட்டு, அதைத் தாண்டி முற்றத்தை நோக்கிக் கத்தத் தொடங்கியது. கன்று எழுந்து மடியை நோக்கித் தள்ளாடிச் சென்றது. செவலை உதைத்தது. பாட்டில் இருந்த பசு கசிந்தது. கட்டுத்தறியில் இருந்தது உதைத்தது.

"கண்ணுப் பட்டுப்போச்சு" என்றார் அப்பா. கண்ணேறு என்றால் அவரிடம் அதற்கும் ஒரே மருந்துதான். கன்றுக்கு இன்னொரு முறை திருநீறு பூசினார். இந்த முறை செவலைக்கும் பூசப் போனார். அது அவர் வேட்டியைக் கொம்பில் மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். அவர் பங்குக்கு மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டார். செவலை இருமியது, அப்பா இருமினார், கன்று படுத்துவிட்டது. நெடியைப் போக்கச் சாம்பிராணி போடப்பட்டது. அதற்கும் செவலை இணங்காமற்போகவே, தன் குரலில் குறை இருக்கலாம் என்று அப்பா எண்ணியிருக்க வேண்டும். டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து தீவனத் தொட்டியின்மேல் வைத்து, பெரிய வித்துவான் ஒருவர் பாடிய பக்திக் கேசட்டைப் போட்டார். செவலை வித்துவானையும் மதிக்கவில்லை.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஏனுங்க, வெளையாட்டில்லீங்க. மொதப் பாலு உள்ள போகாம பொழுது ஏறுனா கன்னு தாங்காதுங்க" என்றார். சீம்பால் என்னும் அந்த மஞ்சள் நிறக் கெட்டிப் பால்தான் பிறந்த கன்றின் உயிருக்குக் காவல் என்பது எனக்கே தெரியும். கறந்தாவது புகட்டலாம் என்று அம்மா செம்போடு குனிந்தார். மடி கல்லாகக் கனத்திருந்தது. ஆனால் செவலை பாலை மேலே இழுத்துக்கொண்டது. காம்பை நீவ நீவக் கால்தான் வந்தது. செம்பு உருண்டோடிக் கன்றின் பக்கத்தில் போய் நின்றது. கன்று அதை நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

கால்நடை மருத்துவருக்கு ஆள் போயிற்று. அவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்காகச் சத்தியமங்கலம் பக்கம் போயிருப்பதாகவும் பொழுது சாய்ந்துதான் திரும்புவார் என்றும் பதில் வந்தது.

சன்னலில் அத்தையின் முகம் தெரிந்தது. "அண்ணி, குடிச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"இப்பக் குடிச்சுரும் கண்ணு. நீ போயிப் படு" என்றார் அம்மா.

அத்தை போகவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர் தோளில் குழந்தை அழுதது. கட்டுத்தறியில் செவலை கத்தியது. கட்டிலைச் சுற்றி அமரும் ஒறம்பரைக் கூட்டம் அன்று காலையிலேயே இடம் மாறிக் கட்டுத்தறியைச் சுற்றி நின்றது. அவர்களிடம் செவலைக்கென்று வேறு யோசனைகள் இருந்தன. அத்தையை அந்த நேரத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்தேன். "இதுவும் இப்படியே ஆயிருச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்ப்பா, கன்னு செத்துப் போயிருங்களா?" என்று கேட்டேன். எந்தக் கேள்விக்கும் ஒரு செய்யுளை விடையாக வைத்திருக்கும் அப்பா அன்று டேப் ரெக்கார்டரை மட்டும் நிறுத்தினார்.

அந்த அமைதியில்தான் வாசலில் மொபெட் வந்து நிற்கும் ஓசை கேட்டது. குழந்தையைப் பார்க்கப் பாய் மாமா வந்திருந்தார். கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். வாசற்படியில் கால் வைத்தவர் அங்கேயே நின்று, கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்தார்.

"ஏனுங்ணா, நம்ம ஜவ்வாது வாசலுக்கே வந்து கையப் புடிச்சுக் கூப்புடுதுங்களே" என்றார். குழந்தை இருந்த அறைப்பக்கம் திரும்பப் போனவர், மூக்கு காட்டிய வழியில் நடந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டுத்தறிக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைக் கன்றைக் குனிந்து பார்த்தார். வீட்டின் நிலைமை அவருக்கு இன்னும் தெரியாது. ஆகையால் அவர் முகம் மகிழ்ச்சியில் மலர்ந்திருந்தது. "கொழந்தைக்குப் பூசிருப்பீங்கன்னு பாத்தா, கன்னுக்குட்டிக்கே பூசிப்போட்டீங்களா? மாட்டு வாசம் துளி இல்லீங்க. நம்ம சரக்குக்கு முன்னால வேற எந்த வாசமும் நிக்காதுங்க. எங்கப்பா காலத்துல இருந்தே அப்படித்தானுங்க."

கடைக்காரர் ஒருவர் தம் பொருளைப் புகழ்வதற்கு அது உரிய நேரம் அன்று என்பதால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏனுங் பாய், இப்ப என்ன சொன்னீங்க? மறுக்காச் சொல்லுங்க."

"நம்ம சரக்குக்கு முன்னால வேற வாசம் நிக்காதுன்னு சொன்னனுங்க, அம்மிணி."

"அதேதானுங்க" என்றார் அத்தை. "அண்ணா, அவ ஈன்ன கன்னை அவகிட்டக் குடுங்க. இது பாய் கடைக் கன்னு. இதை அவளுக்குத் தெரியாதுங்க. அவ கன்னைக் காணோம்னுதான் நீங்க தூக்கீட்டுப் போன பக்கம் பாத்துக் கத்தீட்டு நிக்கறா."

கட்டுத்தறியில் நின்ற அத்தனை பேரும் செவலையைத் திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். அது கத்தியதெல்லாம், அப்பா கன்றை ஏந்திக்கொண்டு போன முற்றத்தை நோக்கித்தான். அதன் காலடியில் கிடந்த நறுமணம் கமழும் வெள்ளைப் பொருள் அதன் கணக்கில் யாரோ.

"கழுவிப்போடுங்க அண்ணா" என்றார் அத்தை.

அப்பா அசையவில்லை. திருநீற்றைப் பூசத் தெரிந்த கை அவருடையது. பூசியதைக் கழுவி அறியாதது. எவ்வளவு பெரிய இக்கட்டில் அவர் நின்றார் என்பதை அங்கிருந்தவர்களில் பாய் மாமா ஒருவர்தான் உணர்ந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அப்பாவின் அருகில் வந்தார்.

"ஏனுங்ணா, நீங்க ஒண்ணும் நீறைக் கழுவ வேண்டாம். என்ற ஜவ்வாதைக் கழுவிப்போடுங்க. சரக்கு என்னுது, பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அந்த நீரை யாரும் மிதிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். கன்றின் உயிர் ஊசலாடும் நேரத்தில் அதற்கொரு வழி தேட வேண்டியிருந்தது. வெல்லம் காய்ச்சும் பெரிய இரும்புக் கொப்பரை தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. அப்பாவும் பாய் மாமாவுமாக அதை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கன்று கொப்பரைக்குள் நிறுத்தப்பட்டது. அம்மா வெந்நீரை விளாவி ஊற்ற, கன்றை அப்பா பிடித்துக்கொள்ள, பாய் மாமா தேய்த்துக் கழுவினார். "எங்கப்பன் கேட்டா என்னைக் கடைக்குள்ள சேக்க மாட்டாருங்க. இத்தன நல்ல சரக்கை இந்தப் பாடு படுத்தறனே" என்று சொல்லிக்கொண்டே கழுவினார். அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நீர் முழுவதும் வில்வ மரத்தின் அடியில் பயபக்தியோடு ஊற்றப்பட்டது.

அதன்பின் அத்தை சன்னலிலிருந்து சொல்லச் சொல்ல அம்மா செய்தார். செவலை ஈன்ற இடத்தில் கிடந்த ஈர வைக்கோலை அள்ளிவந்து கன்றின் உடம்பெங்கும் தேய்த்தார். அப்பா விடியலில் அவ்வளவு கவனமாகத் துடைத்தெடுத்த அழுக்கெல்லாம் திரும்பவும் கன்றின்மேல் ஏறியது. முதுகில் கல்லுப்பைப் பொடித்துத் தூவினார். செவலைக்கு உப்பென்றால் உயிர் என்பதை வளர்த்தவர் அறிவார்.

"இனி எல்லாரும் அக்கட்டால போயிருங்க" என்றார் அத்தை. "ஒருத்தரும் கிட்ட நிக்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. அண்ணா, நீங்க பாடவும் கூடாதுங்க."

அப்பா தலையசைத்துவிட்டுப் போனார். வில்வ மரத்தடியில் போய் நின்றுகொண்டு உதடுகளை மட்டும் அசைத்தார் என்று பாய் மாமா பிற்பாடு சொன்னார். கூட்டம் மனமில்லாமல் கலைந்து வாசலுக்குப் போயிற்று. போகச் சொன்னவர்களில் என்னையும் சேர்த்திருந்தார்களோ என்னவோ, நான் அத்தையின் அறைக்குள் ஓடி, சன்னலடியில் கிடந்த பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டேன். அத்தை என்னைத் துரத்தவில்லை. அழுது களைத்த குழந்தை கட்டிலில் விசும்பிக்கொண்டிருந்தது.

கட்டுத்தறியில் கன்றும் செவலையும் மட்டும் இருந்தன. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. செவலை முற்றத்தையே பார்த்து நின்றது. கன்று நடுங்கியது. பிறகு ஈ ஒன்றை விரட்டுவதற்காகத் திரும்புவதைப் போலச் செவலை முகத்தைத் திருப்பியது. கன்றின் முதுகை மோந்தது. மூக்கை எடுக்கவில்லை. மறுபடியும் மோந்து, நாக்கை நீட்டி ஒருமுறை நக்கியது. உப்பு. இன்னொருமுறை நக்கியது. அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. அதுவரை நான் எந்த மாட்டிடமும் கேட்டிராத, வாயைத் திறக்காமலே பேசுகிற மெல்லிய குரல். நக்கல் வேகம்கொண்டது. முதுகு, கழுத்து, காது, முகம் என்று அது நக்கிய வேகத்தில் கன்று குப்புற விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்தது.

எழுந்த கன்று பாலைத் தேடிப் புறப்பட்டது. முதலில் முன்னங்கால் நடுவே தேடியது. பிறகு தீவனத் தொட்டியின் விளிம்பைச் சப்பியது. "அங்கில்ல சாமி, பின்னால போ" என்று அத்தை மூச்சுக்குள் சொன்னார். செவலையே சற்றுத் திரும்பி நின்று, இடுப்பால் கன்றைத் தள்ளி வழிகாட்டியது. கன்றின் தலை மடிக்கடியில் மறைந்தது. ஒருமுறை முட்டியது. செவலை உதைக்கவில்லை. கன்றின் வால் சுழன்று சுழன்று ஆடத் தொடங்கியது. வாயோரம் மஞ்சள் நுரை வழிந்தது. கன்று விழுங்குகிற ஓசை சன்னல்வரை கேட்டது.

கம்பியைப் பிடித்திருந்த அத்தையின் கை தளர்ந்தது. நான் மகிழ்ச்சி தாங்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தபோது, அவர் சேலையின் முன்புறம் நனைந்திருப்பதைக் கண்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கத்தே, சேலையெல்லாம் தண்ணி கொட்டீருச்சுங்க" என்றேன்.

அத்தை குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். கட்டிலுக்கு ஓடிக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "போ கண்ணு, கதவைச் சாத்தீட்டுப் போ" என்றார்.

வெளியே ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. பதிகம் பலிப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்று அப்பா பாய் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "ஆமாங்ணா, யாரு இல்லைன்னது? அடுத்த தடவை ஜவ்வாது இல்லாமப் பாடிப்போடுங்க, வெசையாப் பலிக்கும்" என்றார் பாய் மாமா. நான் அம்மாவிடம் போய், அத்தை சேலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டதையும் அதற்காக அழுவதையும் சிரிப்பதையும் முறையாக அறிவித்தேன். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்களின் சிரிப்பு கேட்டது. அத்தனை நாட்களாக வீட்டில் ஓயாதிருந்த அழுகை அன்றுதான் ஓய்ந்தது. அதையும் நான் கன்று குடித்த மகிழ்ச்சியில் சேர்த்துவிட்டேன்.

கன்றை எண்ணிய மாத்திரத்தில் பசுவுக்கு மடி சுரப்பதாகச் சொல்லும் செய்யுள்களை அப்பா அந்த வயதிலேயே எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். விருந்தினர் முன்னிலையில் பிழையின்றி ஒப்பிப்பேன். சொல்லுக்குச் சொல் பொருளும் உரைப்பேன். எனக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை என்றே அன்றும் எண்ணியிருந்தேன்.

அன்று என் கவலை வேறு. கொட்டிய தண்ணீரில் அத்தை வழுக்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது? கதவு திறந்ததும் துடைக்கும் துணியோடு உள்ளே போனேன். அத்தை கண்மூடிப் படுத்திருந்தார். குழந்தை அவர் மார்போடு ஒட்டி உறங்கியது. சன்னலோரம் இருந்த தண்ணீர்ச் சொம்பு விளிம்புவரை நிறைந்திருந்தது. தரையிலும் ஈரம் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று சற்று நேரம் யோசித்து நின்றேன். ஒன்றும் புலப்படவில்லை. வந்த வேலையைச் செய்யாமல் திரும்புவது சரியில்லை என்று, காய்ந்து கிடந்த தரையை மூலைமுடுக்கெல்லாம் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தேன்.